துளசிங்கத்தின் எண் இறங்கி வந்த கதை

எங்கள் வேலத்தாங்கலில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பதை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை, ஆட்டுக்கு நாலு கால் இருப்பதை யாராவது பெருமையாகச் சொல்வார்களா, ஆனால் அந்த ஒருவருக்குப் பட்டாளம் கொடுத்த எண்ணை அவர் மனைவியும் மகள்களும் இடது கையில், தோளுக்கு நாலு விரல் கீழே, ரவிக்கைக் கை மறைக்கிற இடத்தில் பச்சை குத்திக்கொள்வதை மட்டும் வெளியூர்க்காரர்கள் யார் வந்தாலும் விடாமல் சொல்லுவோம். வழக்கம் வந்த கதை சின்னது. முன்னொரு போரின்போது எங்கள் ஊர் முனுசாமிகள் இரண்டு பேர் எல்லையில் இருந்தார்கள், இரண்டு பேருக்கும் ஒரே வயது, இரண்டு பேர் மனைவிக்கும் அலமேலு என்றே பெயர், தந்தி வந்தபோது தபால்காரர் அதைக் கீழத் தெரு அலமேலுவிடம் கொடுத்துவிட்டுப் போனார், அவள் பதினோரு நாள் வெள்ளைப் புடவையில் அழுது ஓய்ந்த அன்று அவளுடைய முனுசாமி தகரப் பெட்டியோடு ஏரிக்கரை மேல் நடந்து வந்தான், மேலத் தெரு அலமேலுவோ அந்தப் பதினோரு நாளும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு இவளுக்கு ஆறுதல் சொல்லப் போய் வந்திருந்தாள். அதிலிருந்து எங்கள் பெண்கள் பெயரை நம்புவதை விட்டார்கள். கடிதமோ தந்தியோ எது வந்தாலும் முதலில் ரவிக்கைக் கையை மடித்து எண்ணை ஒத்துப்பார்ப்பார்கள், அழுவதானாலும் சிரிப்பதானாலும் அதற்குப் பிறகுதான். எண்ணை யாரும் அழிப்பதில்லை. ஆள் போய்ச் சேர்ந்தால் கடைசி இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான்.

துளசிங்கத்தின் எண் 2583047. அவர் பட்டாளத்தில் பதினேழு வருடம் சமையல்காரராக இருந்தார். எங்கள் ஊரில் பனிமலை ஏறியவர்கள் உண்டு, காலில் குண்டு வாங்கியவர்கள் உண்டு, அவர்கள் நடுவில் துளசிங்கம் உட்கார்ந்தால் ஸ்டவ் அடுப்போடு சண்டை போட்டுவிட்டு வந்தவர் என்று கேலி செய்வோம், அவரும் சேர்ந்து சிரிப்பார், உள்ளுக்குள் வலித்ததா என்று நாங்கள் கேட்டதில்லை. அவர் எண் அவர் மனைவி பச்சையம்மாள் கையில் இருந்தது, பத்து வயதில் மகள் ரேணுகாவின் கைக்கும் வந்தது. ரேணுகாவுக்குப் பட்டாளத்தில் சேர வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது என்று தெரியாது, ஏரிக்கரையில் அவள் ஓட ஆரம்பித்தபோது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று, அவளுக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியும் அப்படி ஓடியதில்லை.

இருபத்தோராவது வயதில் ஆள் எடுப்புக்குப் போனாள். ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள், தாண்டுவதைத் தாண்டினாள், எழுதுவதை எழுதினாள், கடைசியாக மருத்துவச் சோதனைக்கு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற மலைநாட்டுப் பெண்ணுக்கு மோவாயில் வரிசையாகப் புள்ளிகள், இரண்டு தோளிலும் வட்டம் வட்டமாகப் பச்சை. சோதித்த மேஜர் அம்மா கேரளத்துக்காரர், தமிழை நிறுத்தி நிதானமாகப் பேசுவார். ஒரு பட்டியலைப் புரட்டிப் பார்த்து, மலைக்குடிகளின் வழக்கம், அனுமதி உண்டு என்று எழுதி அந்தப் பெண்ணை அனுப்பினார். அடுத்தது ரேணுகா.

"கண், காது, பல் எல்லாம் நல்லா இருக்கு. இது மட்டும் இடம் தப்பு" என்றார் மேஜர்.

"எங்க இருக்கணும் மேடம்?"

"முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், உள்பக்கம். வேற எங்க இருந்தாலும் எடுக்க முடியாது."

"இது பட்டாளம் குடுத்த நம்பர் மேடம். எங்க நைனாவோடது."

மேஜர் அந்த ஏழு இலக்கத்தையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். "தெரியுது. ஆனா இடம் தப்பு."

"எங்க ஊருக்கும் இது வழக்கந்தான் மேடம்."

"பட்டியல்ல இல்லையே, மோளே."

நாற்பத்திரண்டு நாளுக்குள் மறுசோதனைக்கு வரலாம் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். அடுத்த ஆள் எடுப்பு வரும்போது ரேணுகாவுக்கு வயது வரம்புக்கு மேல் பத்தொன்பது நாள் கூடிப்போயிருக்கும். ஆகவே இருந்தது நாற்பத்திரண்டு நாள்தான். வெளியே வந்ததும் மலைநாட்டுப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இது நல்லா படல அக்கா. எம் மோவாய்ல எத்தினி புள்ளி இருக்குன்னுகூட அவங்க எண்ணல" என்றாள்.

ஊரில் இது இரண்டு கட்சியாயிற்று. சுபேதார் எத்திராஜ் ஒரு கட்சி. ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் ஆகியும் காலையில் பல் விளக்குவதைக்கூட நிமிர்ந்து நின்று விளக்குகிறவர் அவர். "ரூலுன்னா ரூலு. ஆளாளுக்கு ஒரு நாயம் பேசனா அது பட்டாளமா, சந்தையா?" என்றார். அவர் மனைவி கன்னியம்மா இன்னொரு கட்சி. "முப்பத்தஞ்சு வருசமா உன் நம்பர சுமந்துகினு கீறேன், எவனாவது வந்து இடம் சரியா தப்பான்னு அளந்தானா? சுமக்கறதுக்கு நாங்க வேணும், சேக்கறதுக்கு மட்டும் வேணாமா?" என்று கேட்டாள்.

வேலூரில் லேசர் வைத்து அழிக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். பச்சையம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ஆளு குத்துக்கல்லாட்டம் குந்திகினு கீறாரு, நம்பர அழிக்கறதா?" துளசிங்கம் தலையைக் குனிந்துகொண்டு, "அழிச்சிடும்மா ரேணு. ஒரு சமையக்காரன் நம்பருதானே. அதுக்காவ உன் வாய்க்கை போவணுமா?" என்றார். ரேணுகா அழுதாள். அப்பாவின் எண்ணை அழித்துவிட்டு எந்தப் பட்டாளத்துக்கும் போக மாட்டேன் என்றாள். அவளுக்கு அந்த எண்ணும் வேண்டும், பட்டாளமும் வேண்டும், இரண்டில் ஒன்றை எடு என்று சொல்ல யாருக்கு உரிமை என்று எங்களுக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

அடுத்த நாள் காலை சுபேதார் அந்த எண்ணைப் பார்க்க வந்தார். எந்த அளவுக்கு இடம் தப்பு என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் வந்தார். ரேணுகா கையைக் காட்டினாள். பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம் வந்தது, ரூல் மேலா, எண் மேலா, கன்னியம்மா மேலா, எதன் மேல் என்று அவருக்கே தெரியாத ஒரு கோபம், அந்தக் கோபத்தில் மூஞ்சியை எண்ணுக்கு நேரே வைத்துப் பழைய குரலில், "சாவ்தான்" என்று ஒரு அதட்டு அதட்டினார். ஏழு இலக்கமும் விறைத்து நிமிர்ந்தன. "தேஸ் சல்" என்றார். இரண்டு முன்னால் நடக்க, ஐந்து பின்னால் வர, எட்டு, மூன்று, பூஜ்யம், நான்கு, ஏழு என்று ஒற்றை வரிசையாக அவள் கையில் அரை விரற்கடை கீழே இறங்கின. "தம்" என்றார், நின்றன.

"பட்டாளத்து நம்பராச்சே. சொன்னா கேக்காம இன்னா பண்ணும்?" என்றாள் பச்சையம்மாள், எல்லாருக்கும் அதுவே சரியாகப் பட்டது. ஏன் இத்தனை வருடம் யாரும் சொல்லிப் பார்க்கவில்லை என்பதுதான் எங்களுக்கு வருத்தம்.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு ரேணுகா வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டுக் கையை நீட்டிக்கொண்டு உட்காருவாள், சுபேதார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து அதட்டுவார், எண் நடை பழகும். இதில் ஒரு சங்கடம், சுபேதாரின் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும், கேட்ட இடத்திலெல்லாம் எண்கள் நடந்தன. மாவு கரைத்துக்கொண்டிருந்தவளின் எண் மாவுச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தது, கோலம் போட்டுக்கொண்டிருந்தவளின் எண் விரல் நுனிவரை வந்து புள்ளியோடு புள்ளியாக நின்றது, கன்னியம்மாவின் எண் முதுகுக்குப் போய்விட்டதால் அவள் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பிடித்து அதைத் தேடினாள். பஞ்சாயத்தில் பேசி, ஆறிலிருந்து ஏழு வரை பெண்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து பார்த்தார்கள், எண்களுக்குப் பஞ்சு வைக்க முடியவில்லை. பிறகு சுபேதாரே ஏழு மணிக்கு எல்லாத் தெருவிலும் ஒரு சுற்று வந்து எல்லா எண்களையும் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் காப்பி குடிக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. பள்ளிக்கூடத்து பி.டி. சார் ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை கட்டளை போட்டுப் பார்த்தார். எண்கள் அசையவில்லை, அவை பழகியது இந்தியில். சூட்டுத் தழும்பு இருந்த ஒருத்தி மட்டும் சுபேதாரைத் தனியாகக் கேட்டுத் தன் எண்ணைத் தழும்பின் மேலேயே நிறுத்திக்கொண்டாள், அது அழகாகவும் இருந்தது.

பதினெட்டாம் நாள் எண் முழங்கைக்கு வந்தது. அங்கிருந்து வலது பக்கம் திரும்பினால் கையின் உள்பக்கம். சுபேதார், "தைனே முட்" என்றார், வலது பக்கம் திரும்பு என்று அர்த்தம். எண் இடது பக்கம் திரும்பி முழங்கை எலும்பு மேல் போய் நின்றது. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. துளசிங்கம் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"சுபேதார் சாப், அது எங்கோளாறு. கரண்டி புடிக்கிற கை தைனேன்னு சொல்லிக் குடுத்தாங்க. நான் ரெண்டு கையிலயும் கரண்டி புடிப்பேன். கடேசி வரைக்கும் எனக்கு அது புரியவே இல்ல."

அப்படியானால் "பாயேன் முட்" என்று இடது பக்கத்துக் கட்டளையைக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் தெரிந்தே தப்பான கட்டளை கொடுக்கச் சுபேதாருக்கு வாய் வரவில்லை. முப்பது வருடம் ஒரு கட்டளைகூடத் தப்பாகக் கொடுக்காத மனுஷன். மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நாலாம் நாள் கன்னியம்மா அவருக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைத்து, "ரூலு பாக்கறவன் புள்ளையப் பாக்க மாட்டான்னு நீயும் காமிச்சுட்ட, போ" என்றாள். அவர் சாப்பிடாமலே எழுந்து வந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "பாயேன் முட்" என்றார். எண் வலது பக்கம் திரும்பியது. கண்ணைத் திறந்தபோது அவர் கண்ணில் தண்ணீர், வெயில் என்று சொல்லிக்கொண்டார்.

ஆறு இலக்கம் உள்ளே வந்துவிட்டன. ஏழு வரவில்லை. முழங்கை ஓரத்தில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்துவிட்டது, எந்தக் கட்டளைக்கும் எழுந்திருக்கவில்லை. துளசிங்கம் இதற்கும் தலையைக் குனிந்தார். அந்தக் காலத்தில் காலை ஓட்டத்தில் அவர் வழியிலிருந்த வாராவதிப் பாலம் வரைக்கும் ஓடிவிட்டு உட்கார்ந்துகொள்வாராம், மற்றவர்கள் திரும்பி வரும்போது சேர்ந்துகொள்வாராம். "எங்கிட்டயிருந்து அதுக்கு நல்லது ஒண்ணுகூட ஒட்டல பாரு" என்று மகளிடம் சொன்னார். ரேணுகா, "உக்காந்தா உக்காரட்டும் நைனா, கால் வலிக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள், ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

நாற்பத்திரண்டாம் நாளும் வந்தது. இதற்குள் முன்னாள் வீரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, எங்கள் ஊர் வழக்கத்தையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று ஒரு மனுவும் அனுப்பியிருந்தோம். மனுவுக்குப் பதில் வரவில்லை, ஏழும் அசையவில்லை. அப்பாவும் மகளும் முதல் பஸ்ஸில் போனார்கள். ரேணுகா உள்ளே போக, துளசிங்கம் வாசலுக்கு வெளியே, மதில் ஓரம் புங்க மர நிழலில், வேறு வேறு ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாக்களோடு உட்கார்ந்தார். பதினேழு வருடம் அந்த மாதிரி ஒரு வாசலுக்கு உள்ளே இருந்தவர், இப்போது வெளியே.

மத்தியானம் ஆயிற்று. உள்ளே மேஜர் அம்மா ரேணுகாவின் கையைத் திருப்பிப் பார்த்தார், போன தடவை தோளில் இருந்தது இப்போது இங்கே இருப்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, மருத்துவராக இருப்பவர்கள் உடம்பு செய்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஆகாது. ஸ்கேலை எடுத்து வைத்தார். ஆறு இலக்கம் உள்ளே. ஸ்கேல் ஏழுக்கு வந்தது. ஏழு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. மேஜர் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார்.

அதே நேரம் வெளியே, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்களைப் பார்க்கப் பொறுக்காமல், துளசிங்கம் தான் கொண்டுவந்திருந்த தூக்குச் சட்டியைத் திறந்தார். புளிச்சோறு. அவர் கைக்கு இரண்டு பேருக்குச் சமைக்கத் தெரியாது, இருபது பேருக்குத்தான் தெரியும். சட்டியைத் திறந்ததும் கை தானாகக் கரண்டியை எடுத்து மூடியில் மூன்று தட்டுத் தட்டியது, வாய் தானாகப் பதினேழு வருடம் கூப்பிட்டபடி கூப்பிட்டது.

"கானா தய்யார்."

சாப்பாடு தயார் என்று அந்தக் குரல் மதிலைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்தது. ஏழு எழுந்தது. அப்படி ஒரு ஓட்டத்தைத் துளசிங்கம் பட்டாளத்தில் இருந்த காலத்தில் ஒரு நாளும் ஓடியதில்லை, முழங்கையிலிருந்து கிளம்பி நாலைத் தாண்டி, பூஜ்யத்தை இடித்துக்கொண்டு, மூன்றையும் எட்டையும் ஐந்தையும் இரண்டையும் முந்திக்கொண்டு மணிக்கட்டுக்கு ஒரு விரல் மேலே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றது. மற்ற ஆறும் நெருங்கி வந்து அதன் பின்னால் நின்றன.

மேஜர் பேனாவைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய தாளை எடுத்தார். "போன தடவை கடைசியில ஏழு இருந்தது. இப்ப முதல்ல இருக்கு."

"இடம் சரியா மேடம்?"

அளந்தார். "இடம் சரி. விதியில வரிசை பத்தி ஒண்ணும் எழுதல." கையெழுத்துப் போட்டார்.

ரேணுகா எழுந்திருக்கவில்லை. "மேடம், தோள்ல இருந்தப்பவும் இதே கைதான், இதே நம்பருதான். அந்த நாப்பத்திரண்டு நாளு எங்க வீட்ல யாரும் சரியா சாப்பிடல. இது நாயமா?"

மேஜர் ஸ்கேலை மேஜை மேல் வைத்தார். "நியாயம் அளக்க எனக்கு ஸ்கேல் தரல மோளே. தந்தது இந்தப் பதினஞ்சு சென்டிமீட்டர்தான்." பேனாவை மூடிவிட்டு, "உங்க ஊர் மனு எங்கிட்ட வந்தது. நானும் அதுல ஒரு வரி எழுதி மேலே அனுப்பியிருக்கேன்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்து, வெளியே என்ன சாப்பாடு என்று கேட்டார்.

ரேணுகா வெளியே ஓடிவந்து கையைக் காட்டியபோது துளசிங்கத்துக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. பிறகு ஏழு முன்னால் நிற்பதைப் பார்த்தார். "எங்கூப்பாட்டுக்கா வந்துது?" என்றார். "உன் கூப்பாட்டுக்குத்தான் நைனா." அவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார், சந்தோஷத்தில்தான் அழுதார், சுற்றியிருந்தவர்கள் புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அவரைத் தேற்றினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கவலை வந்தது. 7258304, இது யாருடைய எண்? துளசிங்கத்தின் எண் இல்லை, எங்கள் ஊரில் யாருடையதும் இல்லை. சுபேதார் வந்து வரிசையைச் சரி செய்யப் பார்த்தார், ஏழு பின்னால் போக மறுத்துவிட்டது. பச்சையம்மாள்தான் தன் கையை மடித்துக் காட்டினாள். "அவரு நம்பரு இங்க பத்திரமா கீது. அது இன்னா நம்பருன்னு அதுவே சொல்லும், உடுங்க."

சொன்னது. பயிற்சியின் முதல் வாரம் ரேணுகாவிடமிருந்து கடிதம் வந்தது. சௌக்கியம், நன்றாகச் சாப்பிடுகிறேன், சாப்பாட்டு மணி அடித்தால் என் கை எனக்கு முன்னால் ஓடுகிறது என்று எழுதி, கீழே பட்டாளம் தனக்குக் கொடுத்த எண்ணையும் எழுதியிருந்தாள். பச்சையம்மாள் வழக்கப்படி ரவிக்கைக் கையை மடித்து ஒத்துப்பார்த்தாள். அதே ஏழு இலக்கம், ஏழு மட்டும் முன்னால். 7258304.

மனு இன்னும் பரிசீலனையில் இருப்பதாகப் போன மாதம்கூட ஒரு தபால் வந்தது. அதுவரை சும்மா இருக்க முடியாது என்று எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு இப்போது முழங்கைக்குக் கீழே உள்பக்கமே குத்துகிறோம். "சட்டம் ஒரு இஞ்சு நவுரல, நம்ம நம்பருதான் கை முழுக்க நடந்துது" என்று கன்னியம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள், சுபேதாரும் இப்போதெல்லாம் மறுத்துப் பேசுவதில்லை.

தை மாதம் பச்சை குத்துகிறவள் ஊருக்கு வந்தபோது வேப்பமரத்தடியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள், அந்த வரிசையின் கடைசியில் துளசிங்கமும் வந்து நின்றார். எங்கள் ஊரில் ஆண்கள் அந்த வரிசையில் நின்றதில்லை, யாருடைய எண்ணையும் சுமக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இதுவரை வந்ததில்லை. அவர் முறை வந்தது. மகளின் எண் எழுதிய கடிதத்தை மடியிலிருந்து எடுத்து ஊசிக்காரியிடம் கொடுத்தார்.

"இடது கைய நீட்டுங்க" என்றாள் அவள்.

துளசிங்கம் சட்டையை மடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, வலது கையை நீட்டினார். சுபேதார் எத்திராஜ் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர்கூடத் திருத்தவில்லை.